கன்னிமூலைக் குழி

பாறசாலையிலிருந்து உள்ளே போகும் சரிவு ரோட்டில் மேட்டுப் பக்கம் ரமணனின் மனை, பள்ளத்தில் ரத்னபாயின் வீடு. பெருங்கடவிளையிலிருந்து கல்யாணமாகி வந்தவள் ரத்னபாய். ரப்பர் வெட்டப்போன கணவன் பொன்னையன் சரிவில் விழுந்து இறந்தபிறகு பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறாள். மகள் ஜீனா நெய்யாற்றின்கரையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். ரத்னபாய்க்கென்று மிஞ்சியது மண்சுவர் வைத்த அந்த வீடு மட்டும்தான்.

மேலே ரப்பர்த் தோட்டம் இருந்தவரை எவ்வளவு மழை கொட்டினாலும் மண் குடித்துக்கொண்டது. பேங்க் வேலையில் ஓய்வு பெற்று வந்த ரமணன் மரங்களை வெட்டி வீடு கட்டத் தொடங்கியதும் அவளுக்குப் பயம் பிடித்தது. அவளுடைய அடுக்களை அவர்கள் மதிலை ஒட்டி நிற்கிறது.

எல்லையை நெருக்கிக் கட்டுவதற்கு ரமணனுக்கு அவள் சம்மதம் வேண்டியிருந்தது. அவள் பஞ்சாயத்து ஓவர்சியர் லேகாவிடம் போய் விவரம் கேட்டாள். மழையின் போக்கு மாறிவிட்டது, கட்டட விதியையும் மாற்றியாயிற்று என்றாள் லேகா. ரோட்டோர ஓடை இனி அகலமாகும். புது வீடு கட்டுகிறவர்கள் கூரைக்குத் தக்க அளவில் மழைக்குழி வெட்டித் தங்கள் தண்ணீரைத் தங்கள் மண்ணிலேயே இறக்க வேண்டும்.

“இதாக்கும் குழி,” என்று வரைபடத்தின் தாழ்ந்த மூலையில் விரலை வைத்தாள். “ஒங்க அடுக்களைக்கு நேர் மேல. இது உண்டெங்கில் ஒரு சொட்டு கீழ வராது, சேச்சி.”

ரத்னபாய் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாழ்ந்த மூலை தென்மேற்காக இருந்தது. கன்னிமூலை. குழி வெட்ட ஆள் வந்த அன்று ரமணனின் மனைவி சங்கரி மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கன்னிமூலையில் பள்ளம் விழுந்தால் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது. ரமணனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதனால் அதே நீள அகலத்தில், அதே ஆழத்தில், குழி மேட்டில் கேட்டை ஒட்டி ஈசானமூலைக்குப் போயிற்று. லேகா வந்து டேப் பிடித்தாள். அளவு சரியாக இருந்தது. தண்ணீர் அங்கே ஏறுமா என்று புது விதி கேட்கவில்லை.

“நிங்க பராதி எழுதித் தந்தா மாத்தச் சொல்லலாம்,” என்றாள் ரத்னபாயிடம்.

புகார் எழுதுவதற்குமுன் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமென்று ரத்னபாய் மேலே ஏறினாள். முற்றம் முழுக்க இன்டர்லாக் சிமென்ட் கட்டை பதித்துக்கொண்டிருந்தார்கள்.

“சாரே, ஒங்க வீட்டுத் தண்ணி மேட்டுல நடந்து ஏறுமா?”

ரமணன் சிரித்துவிட்டார். “எனக்கு இதில ஒண்ணும் விசுவாசம் இல்ல, ரத்னம். இவ ஒறங்கமாட்டா, அதாக்கும்.”

“சிரியுங்க,” என்றாள் சங்கரி. பிறகு ரத்னபாய் பக்கம் திரும்பினாள். “ஒனக்கு இது ஒரு மழை. எனக்குத் தாலியாக்கும்.”

ரத்னபாய் கீழே இறங்கி வந்தாள். வேறு இடமில்லாமல் பொன்னையன் கக்கூஸ் குழி வெட்டியதும் கன்னிமூலையில்தான். மறுவருஷம் அவன் இல்லை. ஊர் அதைச் சொன்னபோது அவள் மறுத்துப் பேசியதில்லை. உள்ளூர நம்பவும் செய்தாள். இன்னொருத்தியின் கன்னிமூலையைத் தோண்டச் சொல்லி எழுதித்தர அவளுக்குக் கை வரவில்லை.

ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீரெல்லாம் வழுக்கி இறங்கி அந்த மூலையில் குளம் கட்டியது. மேட்டுக் குழியில் சருகு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். மத்தியானம் மதில் சரிந்து அடுக்களையை இழுத்துக்கொண்டு விழுந்தது. ரத்னபாய் முன்னறையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருந்த சோறு மண்ணுக்குள் போயிற்று. ரமணன் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கையில் ஊசியோடு வாசலுக்கு வந்தாள்.

லேகா வந்து விரிசல்களைப் பார்த்தாள். “இன்னொரு மழைக்கு மிச்சமும் நிக்காது, சேச்சி. இப்பமாவது பராதி தருவீங்களா?”

இடிந்த மதிலின் அந்தப் பக்கம் சங்கரி நின்றாள். தாலியைக் கையில் பிடித்திருந்தாள்.

“எழுது, மக்கா,” என்றாள் ரத்னபாய். “எனக்குப் போக வேற எடம் இல்ல.”

குழி கன்னிமூலைக்கு வந்தது. தண்ணீர் அதில் இறங்குகிறது, மிச்சச் சுவர்கள் நிற்கின்றன. சங்கரி அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மழை வலுத்தால் ரத்னபாய் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, மேலே ரமணன் இருமுவது கேட்கிறதா என்று காது கொடுக்கிறாள். கேட்டபிறகுதான் மறுபடி மிதிக்கிறாள்.