பின்னால் டிரெய்லர் இருக்கிறதா?

பின்னால் ஒன்று வருகிறது என்பதை முன்னால் போகிறவருக்கு ஞாபகப்படுத்துவதுதான் எங்கள் தொழில்.

மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்துச் சுங்கை காடுட்டில், பேக்டரிகளுக்குப் பின்னால் போகிற சாலையில் எங்கள் பட்டறை இருக்கிறது. என் கணவர் செல்வம் பிக்கப் வண்டிகளுக்கு இழுவைக் கொக்கி வெல்டிங் செய்கிறார். வயர் வேலை என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து பேக்டரியில் கார்களுக்கு வயர் கட்டிக்கொண்டிருந்தவள் நான். இப்போதைய பிக்கப்களில் பின்னால் இழுத்துப்போகிற டிரெய்லர் வண்டியை மாட்டி பிளக்கைச் செருகினால், ஸ்டீரிங்குக்கு முன்னால் உள்ள ஸ்கிரீனில் ஒரு குட்டி டிரெய்லர் படம் வரும். வர வேண்டிய நேரத்தில் வராவிட்டாலும், வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டாலும் என்னிடம் வருவார்கள். நீங்களும் இப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டு அந்த ஸ்கிரீனோடு சண்டை போட்டவரென்றால் நாமெல்லாம் ஒரே கூட்டம். உட்காருங்கள், சொல்கிறேன்.

எரிகிறது, ஆனால் இல்லை

ஞானப்பிரகாசம் அண்ணன் மம்பாவ் பக்கம் ஆடு வளர்க்கிறவர். ஆடுகளை ஏற்றுகிற டிரெய்லருக்குப் புதிதாக எல்.இ.டி. விளக்குகள் மாட்டியிருந்தார். பிரேக் மிதித்தால் எரிகிறது, சிக்னல் போட்டால் எரிகிறது. ஆனால் ஸ்கிரீன் மட்டும் டிரெய்லரே இல்லை என்று சாதித்தது. இது வெறும் படத்துக்கான கவலை இல்லை. டிரெய்லர் இல்லையென்று வண்டி முடிவுகட்டிவிட்டால், டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடும்போது பிடித்து நிறுத்துகிற ஏற்பாடும் வேலை செய்யாது. மழையில் ஒருமுறை டிரெய்லர் ஆடி, உள்ளே ஆடுகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்ணன் பயந்துபோய்தான் வந்திருந்தார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வயரிலும் குறையில்லை. குறை விளக்கில்தான், அதுவும் நல்ல குணமே குறையாகிவிட்ட கதை. "அண்ணே, பழைய பல்பு நிறைய கரண்ட் குடிக்கும். வண்டி அத வச்சுதான் பின்னால ஆள் இருக்குன்னு கண்டுபிடிக்குது. இந்தப் புது லைட்டு ரொம்பக் கொஞ்சமா குடிக்குது, அதான் வண்டிக்குத் தெரியல" என்றேன். கரண்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிற சின்ன பாகம் ஒன்றை வயரோடு சேர்த்தேன். படம் வந்தது. அண்ணன் எஸ்டேட்டில் வாலிபம் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டியவர், எஸ்டேட் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது வெளியே வந்தவர். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கதைதான் தங்கச்சி. கொஞ்சமா வாங்கிக்கிட்டு சத்தமில்லாம வேலை செஞ்சா, நாம இருக்கறதே தெரியாது."

இல்லை, ஆனால் இருக்கிறது

சாந்தி டீச்சருக்கு நேர் எதிரான வியாதி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போகிற சாலை மோசமென்று பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தார். டிரெய்லரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஸ்கிரீனில் எப்போதும் அந்தப் படம். பின்னால் டிரெய்லர் இருக்கிறதென்று நம்பினால் ரிவர்ஸ் சென்சார் வாயை மூடிக்கொள்ளும். டீச்சர் சென்சாரை நம்பிப் பின்னால் போய், தன் வீட்டு கேட்டையே இடித்துத் தள்ளியிருந்தார். நல்லவேளை, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டம்மா தள்ளிப் போய்விட்டார்.

பம்பருக்குக் கீழே பிளக் மாட்டுகிற துளையின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஈர மண்ணும் எறும்புக் கூடும். ஈரத்தின் வழியாகக் கரண்ட் கசிந்ததை வண்டி டிரெய்லர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சுத்தம் செய்து காயவைத்ததும் படம் போய்விட்டது. டீச்சருக்கு முகமெல்லாம் நிம்மதி, உடனே இன்னொரு கவலை.

"இத எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே போன்ல சொல்லிடுங்க லா. நான் சொன்னா, கேட்ட இடிச்சிட்டு எறும்பு மேல பழிபோடுறேன்னு சொல்வாரு."

டிரெய்லருக்கு ஒரு பெயர்

சில வண்டிகளில் ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு பெயர் கொடுத்து வைக்கலாம். அடுத்த முறை மாட்டும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதற்கான பிரேக் அளவையும் மற்றதையும் வண்டியே ஞாபகம் வைத்திருக்கும். போர்ட்டிக்சன் கடலுக்குப் படகை இழுத்துப்போய் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெருமாள் ஐயாவின் வண்டி அப்படிப்பட்டது. இனிமேல் ஓட்டக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். படகையும் விற்றாயிற்று. மகன் வண்டியைத் தன் கேட்டரிங் டிரெய்லருக்கு மாற்ற வந்திருந்தான். ஐயா பின் சீட்டில், பக்கத்தில் அவர் மனைவி. பழையதை அழித்துவிட்டால் குழப்பம் இருக்காதென்று நான் ஸ்கிரீனில் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. MALA.

மகன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். ஐயா ஜன்னல் வழியாகச் சாலையில் போகிற லாரிகளை மும்முரமாகப் பார்த்தார். "இது இருக்கட்டும்கா, என்னோடத புதுசா தனியா சேத்துக்குங்க" என்றான் மகன். அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வீட்டுல ஒரு நாளாச்சும் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? இந்தா, ஏய்னுதானே. படகுக்கு மட்டும் பேர் வாயில வந்திருக்கு பாரேன்."

ஸ்கிரீன் சொன்ன பொய்

சேவியர் எங்களுக்குப் பல வருஷ வாடிக்கை. தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றுகிற காண்ட்ராக்ட். ஒரு காலை கோபமாக வந்தார். முந்தின நாள் மழையில், தோட்டத்து இறக்கத்தில் அவருடைய டிரெய்லர் குலைகளோடு கழன்றுவிட்டது. பாதுகாப்புச் சங்கிலி பிடித்ததால் சாலையைக் கீறிக்கொண்டே போய் நின்றது. சற்றுத் தள்ளி வரிசை வீடுகள். டிரெய்லரை மாட்டிவிடுகிற மச்சான் அந்தோணி சரியாக மாட்டவில்லை என்று சேவியர் ஆட்களுக்கு முன்னால் அவரைக் கண்டபடி பேசி, வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். "ஸ்கிரீன்ல டிரெய்லர் இருக்குன்னு காட்டுச்சு. ஸ்கிரீனும் பொய், அவனும் பொய்" என்று என்னிடம் சத்தம் போட்டார்.

வயரில் ஒன்றும் குறையில்லை. செல்வம் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு வந்து, கொக்கியில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். நான் பிளக்கை மட்டும் செருகினேன். உள்ளே உட்கார்ந்திருந்த சேவியர், "வந்துருச்சு" என்றார். "இறங்கி வந்து பாருங்கண்ணே" என்றேன். வந்தார். கொக்கிக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெறும் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "பிளக் செருகியிருக்கான்னு மட்டும்தான் இதுக்குத் தெரியும். கொக்கி பூட்டியிருக்கான்னு தெரியாது" என்றேன்.

குனிந்து, தொங்கிய வயரைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததாகவும், பின்னாலிருந்து அந்தோணி ஏதோ கத்தியது மழைச் சத்தத்தில் கேட்டும் கேட்காததுமாக இருந்ததாகவும், படம் வந்துவிட்டதே என்று வண்டியை எடுத்துவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். பூட்டைப் போடுவதற்குள் வண்டி கிளம்பியிருக்கிறது. அந்த வீடுகளின் வாசலில் யாராவது நின்றிருந்தால் என்று நாங்கள் மூவருமே நினைத்தோம். சேவியர் போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுக்க நேரமானது. திரும்பத் திரும்ப அடித்தார். கடைசியில் எடுத்தார்கள்.

"மச்சான், வண்டி சொன்னத கேட்டேன், நீ சொன்னத கேக்கல. தப்பு என்னுது. ஆளுங்க முன்னாலதான் திட்டினேன், அவங்க முன்னாலயே சொல்றேன், வந்துரு லா."

வண்டிக்கு வேண்டிய எல்லா சாமானும் சிரம்பான் கடைகளில் கிடைக்கிறது. இறங்கிப் பின்னால் போய் ஒரு பார்வை பார்க்கிற பழக்கம் மட்டும் இதுவரை எந்தக் கடைக்கும் ஸ்டாக் வரவில்லை.