மாமா மூடிய குளுக்கோஸ்

என் மாமாவை யாரும் வெளியே போகச் சொல்லி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். மாமா, அம்மாவின் தம்பி. விருத்தாசலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பவர். அத்தனை ஊர் பார்த்தவருக்குத் தெரியாத விஷயம் இருக்க முடியாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மாமாவின் நம்பிக்கையும் அதுதான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. காய்ச்சலில் படுத்தவள் எதுவும் சாப்பிடவில்லை. சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, கூப்பிட்டால் கண் திறக்காத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்துவிட்டது, உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மேற்கொண்டு இன்சுலின் வாங்கிவர அப்பா கடலூருக்குப் பஸ் ஏறினார். பொறுப்பை மாமா தானாகவே எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் அக்காவின் சிறுநீரில் ஒரு பட்டையைத் தோய்த்துப் பார்ப்பார். கீட்டோன் இருந்தால் அது ஊதாவாக மாறும். காலையிலிருந்து கத்தரிப்பூ நிறமாகவே இருந்தது. மதியம் சர்க்கரை அளவு மட்டும் நன்றாகக் குறைந்தது.

"பாத்தியாக்கா, எறங்கிடுச்சி. சாயந்தரம் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் மாமா, அம்மாவிடம்.

அந்த நேரத்தில் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார். மாமா துள்ளி எழுந்தார்.

"ஏம்மா, சுகர் பேஷண்டுக்கே குளுக்கோஸா? எவ்ளோ பாடுபட்டு எறக்கியிருக்குது!" என்றபடி குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் தள்ளி மூடிவிட்டார்.

"கைய எடுங்க சார். சுகருதான் எறங்கியிருக்குது, கீட்டோன் எறங்கல. அது போற வரைக்கும் இன்சுலின நிறுத்தக் கூடாது. சுகர் ஒரேடியா வுழுந்துடாம இருக்கத்தான் இது."

"ஏத்துறதும் நீங்க, எறக்குறதும் நீங்க. நல்ல யாவாரம்!"

காலையிலேயே வார்டு முழுக்கத் தன் தொழிலைப் பற்றி மாமா பேசியிருந்தார். "நீங்க ஃபியூஸ் போடுங்க சார். ஊசிய நாங்க போட்டுக்கிறோம்" என்றார் நர்ஸ்.

நான் முழுக்க மாமாவின் கட்சி. சர்க்கரை நோய்க்குச் சர்க்கரைத் தண்ணீர் ஆகாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. அம்மா கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தொறந்து வுடுங்க சிஸ்டர்" என்றாள்.

"அக்கா, நீ இன்னா சொல்ற?"

"நீ வெளிய போ தம்பி."

மாமா போனார். பாட்டில் சொட்டத் தொடங்கியது. அம்மா உட்காரவே இல்லை. பொழுது சாயும்போது பட்டையின் நிறம் வெளுத்திருந்தது. அக்கா தண்ணீர் கேட்டாள்.

என் மகளுக்கும் சர்க்கரை நோய். போன வாரம் அவளுக்கு இதே நிலை வந்தது. இப்போது விரல் நுனி இரத்தத்திலேயே கீட்டோனை அளந்து எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். ஆனாலும் சர்க்கரை குறைந்த பிறகு குளுக்கோஸை மாட்டியபோது, இது சரிதானா என்று நர்ஸிடம் இரண்டு முறை கேட்டேன். மகள் பிழைத்து வீடு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு நர்ஸ் சொன்னது புரிந்துதான் திறக்கச் சொன்னாளா என்று.

"எனக்கு இன்னா தெரியும்? ஒங்க மாமன் சொன்னதுதான் சரின்னு பட்டுது. வூட்டுல ஊசிய நிறுத்துனப்பவும் அப்டித்தான் சரின்னு பட்டுது" என்றாள்.

அந்த வார்டில் மாமாவின் கட்சியில் இருந்தது நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.