பஞ்சாலையின் வாளிச் சத்தம்

பஞ்சாலை என்று எங்கள் தோட்டத்தில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், அது நடக்குமா நடக்காதா என்று யோசிக்கிற வேலையை மற்றவர்கள் தலையில் கட்டிவிடுவாள். அப்படி என் தலையில் கட்டிய வேலையால், 1943-ல் ஒரு வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். அந்த நாளில் எல்லோரும் தின்றது மரவள்ளிக்கிழங்குதான்.

என் பெயர் சீவரத்தினம். மலாய் நாட்டில், சுவா என்ற ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை கப்பலேறி ஓடிவிட்டார். அவருடைய நாற்காலியில் ஒரு ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பால்மரம் சீவுகிற வேலை நின்றுபோய், சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். போக வேண்டியவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். அதில் பதினோராவது, கடைசிப் பெயர் நல்லசாமி, பஞ்சாலையின் புருஷன். முன்னே சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் இன்னோர் உத்தரவு வந்தது. லாரிக்கு எண்ணெய் கிடையாது, அதனால் தோட்டத்து விறகையும் கிழங்கையும் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் படகில் கொண்டுபோக வேண்டும். படகோட்டத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அவனுக்குச் சயாம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரியே படகில் ஏறிச் சோதித்துப் பார்ப்பார். எங்களுடையதோ மேட்டுத் தோட்டம். தண்ணீரைக் குடத்தில் மட்டும் பார்த்தவர்களே அதிகம்.

உத்தரவை ஒட்டிய பசை காயவில்லை, பஞ்சாலை ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"ஐயா, எங்க ஊட்டுக்காரருக்குப் படகு ஓட்டத் தெரியும்னு எழுதிக்குங்க."

"நல்லசாமிக்கோ? அவனுக்குத் தெரியுமோ?"

"வெள்ளிக்கிழமை தெரியும்."

"இண்டைக்கு?"

"இன்னிக்கு சனிக்கிழமைதானே ஐயா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசர்க்கதை கதையாதை. பொய் எண்டு பிடிபட்டால் உன்ர புருஷன்ர கழுத்து மட்டுமில்லை, என்ர கழுத்தும் போகும்" என்றேன்.

அவள் அசையவில்லை. தான் பிறந்தது லுக்குட் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் என்றாள். அங்கே தேங்காயெல்லாம் வாய்க்கால் வழியாகப் படகில்தான் போகுமாம். கல்யாணமாகி இங்கே வரும்வரை அந்தப் படகைக் கழி ஊன்றித் தள்ளியவள் தான்தான் என்றாள்.

"அப்ப உன்ர பேரை எழுதவோ?"

"சயாமுக்கு என் பேரையா எழுதி வச்சிருக்கீங்க?"

அந்தப் பட்டியலை எழுதிய நாளிலிருந்து நான் கண்ணாடியில் என் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுத்து, "நல்லசாமி, படகோட்டி, பத்து வருஷப் பழக்கம்" என்று எழுதினேன். இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தாலே போதும். பயந்தாங்கொள்ளி பொய் சொன்னால் அளவு தெரியாது.

வாய்க்கால் ஆற்றில் சேருகிற இடத்தில் ஒரு மதகு. அதன் பக்கத்தில் குடியிருந்த பாக் ஹாசான் என்ற மலாய்க்காரரிடம் ஒரு தட்டைப் படகு இருந்தது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை நீட்டினால் அவர் சிரிப்பார். பஞ்சாலை நோட்டை நீட்டவில்லை, கோழியை நீட்டினாள். படகுக்கு வாடகை நாளுக்கு ஒரு கோழி. அவளிடம் இருந்ததே ஐந்து கோழிதான். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள்தான் என்று விரல் மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலையில் நானும் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டேன். சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். யார் நம்புவார்கள்?

நல்லசாமி மெலிந்த, வாய் பேசாத மனிதன். தோட்டத்தில் அவனைப் போல் மரம் சீவ ஆளில்லை, பட்டைக்குக் காயமே படாது. ஆனால் மரம் சீவுகிறவன் கத்தியைத் தன் பக்கமாக இழுத்து, மரத்தைச் சுற்றிக்கொண்டே போவான். அந்தக் கை அப்படியே துடுப்புக்கும் வந்துவிட்டது. ஒரே பக்கமாக இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.

"இந்தாங்க, நடுவுல மரமா நிக்குது? சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த பஞ்சாலை கத்தினாள்.

மறுநாள் துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, எழுந்து நின்று கழி ஊன்றச் சொன்னாள். எழுந்து நின்றான், தண்ணீரில் விழுந்தான். மூன்று முறை நின்றான், மூன்று முறை விழுந்தான். நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனாலும் அவன் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்தால் நடுக்கடலில் விழுந்தவன்போல இருந்தது.

மூன்றாம் நாள் அவன் எழுந்திருக்கவே இல்லை. படகின் நடுவே குந்தி, இரு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "வேணாம் புள்ள. நான் சயாமுக்கே போறேன்" என்றான்.

பஞ்சாலை படகைவிட்டு இறங்கிக் கரையேறினாள். படகில் சேரும் தண்ணீரை இறைக்கக் கொண்டுவந்திருந்த பால் வாளியைக் கவிழ்த்து வைத்து, ஒரு விறகுக் கட்டையால் ஆத்திரம் தீர அடிக்கத் தொடங்கினாள். டங் டங், டங் டங்.

அடித்தது ஆத்திரத்தில்தான். ஆனால் கை போட்டது பழகிய தாளத்தை. மரம் சீவி முடிந்து கோப்பைகளில் பால் நிறைந்ததும், ஆபீஸில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரண்டிரண்டாக அடிப்பார்கள். அதைப் பால் மணி என்போம். அந்தச் சத்தம் கேட்டதும் காண்டா கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் நிறைந்த வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மேடு, பள்ளம், ஓடைக்குக் குறுக்கே போட்ட ஒற்றை மரப் பாலம் எதுவானாலும் ஒரு சொட்டுப் பால் சிந்தாது. ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த மணி அடித்தே ஒரு வருஷமிருக்கும்.

நல்லசாமி எழுந்து நின்றான்.

தான் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. முழங்கால் இளகி, தோள் அசையாமல், பாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அதே நிலை. படகு ஆடியது, அவன் ஆடவில்லை. பஞ்சாலைக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அது படகு இல்லீங்க, ஒத்தைப் பாலம். தோள்ல பால் இருக்கு. சிந்தாம வாங்க."

கழியை ஊன்றினான். படகு நேராக, கோடு போட்டதுபோல நேராகப் போனது. நான் கரையில் துள்ளிக் குதித்தேன். குதித்ததில் என்னிடமிருந்த ஒரே சோடிச் சப்பாத்தில் ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. போனால் போகட்டும் என்று மற்றக் காலாலும் குதித்தேன்.

அடுத்த இரண்டு நாளும் வாளிச் சத்தத்தோடு படகு போவதும் வருவதுமாக இருந்தது. ஆனால் சத்தம் நின்றால், மதகுக்குக் கிட்டே போனதும் நல்லசாமி குந்திவிடுவான். வியாழக்கிழமை ஐந்தாவது கோழியும் போய்விட்டது. வாளி இல்லாமல் அவன் மதகைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்தார். முன்னால் நான், கையில் காகிதக் கட்டு, வாயில் முருகன் பேர். பின்னால் கழியுடன் நல்லசாமி. பஞ்சாலை மதகுக் கரையில், காலடியில் வாளியோடு, விறகு பொறுக்குகிறவள்போல நின்றாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாலும் பத்து வருஷப் பழக்கம் பல்லிளித்துவிடும்.

பாதித் தூரம் நன்றாகத்தான் போனோம். மதகை நெருங்கும்போது பார்த்தால், கடல் ஏறுகிற நேரம். ஆற்றுத் தண்ணீர் மதகுக்குள் புகுந்து எங்களை எதிர்த்து வந்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கிக் குறுக்கே திரும்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். நல்லசாமி குந்தியிருந்தான். இரண்டு கையும் விளிம்பில், கழி மடியில்.

அதிகாரி ஏதோ உறுமினார். அவர் கை வாளின் பிடிக்குப் போனது. தெமியாங் ஊரில் இருக்கிற என் தாயை ஒருமுறை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

டங் டங், டங் டங்.

கண்ணைத் திறந்தேன். நல்லசாமி எழுந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, வேலைக்குப் போகிறவனின் சிடுசிடுப்புத்தான் இருந்தது. கழியைப் பக்கச் சுவரில் ஒரு ஊன்று ஊன்றிப் படகை நேராக்கினான். அடுத்த ஊன்றில் மதகு எங்கள் தலைக்குமேல் வந்தது. இன்னொன்றில் பின்னால் போனது. நாங்கள் ஆற்றில் இருந்தோம். எனக்குக் கூவ வேண்டும்போல இருந்தது. அதிகாரி முன்னால் எப்படிக் கூவுவது? காகிதக் கட்டைக் கடித்துக்கொண்டேன்.

கரையேறியதும் அதிகாரி வாளியைக் காட்டி என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஐம்பது ஜப்பான் சொல்லோடு மலாயையும் கலந்து, "இது எங்கள் வழக்கம். புருஷன் படகேறினால் மனைவி வாளி அடிப்பாள். இல்லாவிட்டால் தண்ணீர்ச் சாமி கோபித்துக்கொள்ளும்" என்றேன். இப்படியொரு சாமி இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்ல வழக்கம். தினமும் அடிக்க வேண்டும், இது உத்தரவு" என்றார்.

திங்கட்கிழமை சயாம் லாரி வந்தது. நான் பெயர்களை உரக்க வாசித்தேன். பத்தாவது பெயரோடு தாளை மடித்துவிட்டேன். ஏறிய பத்துப் பேரில் மூன்று பேர்தான் பிறகு திரும்பி வந்தார்கள். படகு ஒன்றுதான், அதற்கு ஓர் ஆள்தான் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் காலைதோறும் வாளிச் சத்தம். மழையிலும் அடித்தாள், காய்ச்சலிலும் அடித்தாள். ஒருநாள் சத்தம் வரத் தாமதமானால் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்களெல்லாம் வாசலுக்கு வந்து வாய்க்கால் பக்கம் பார்ப்பார்கள்.

ஒருநாள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற செய்தி வந்தது. அதிகாரி நாற்காலியை விட்டுப் போனார். மறுநாள் காலை நான் நிம்மதியாகப் போர்த்திப் படுத்திருந்தேன். டங் டங் என்று கேட்டதும் எழுந்து வாய்க்காலுக்கு ஓடினேன். படகு, கிழங்கு மூட்டைகளோடு மதகை நெருங்கிக்கொண்டிருந்தது. கழியோடு நிமிர்ந்து நின்றான் நல்லசாமி.

"பஞ்சாலை, உத்தரவு போட்டவன் போட்டான். இனி நிப்பாட்டலாம்" என்றேன்.

அவள் கையை நிறுத்தவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"உத்தரவுக்கா ஐயா அடிச்சேன்? பேசாம இருங்க, அவரு இன்னும் மதகு தாண்டல."