முதலில் அட்டை, பிறகு நாக்கு

செவ்வாய்க்கிழமை காலை எக்ஸ்ரே அறையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் போன் வந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் குப்பம்மா. "அண்ணே, ஸ்டெல்லாம்மா பூட்டாங்கண்ணே. காபி போட்டுக்கினு இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்களாம்." வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்கும் படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அழக்கூடத் தெம்பில்லை.

ராயபுரத்தில் எங்கள் சின்ன எலும்பு மருத்துவமனையில் பதினெட்டு வருடம் உணவு ஆலோசகராக இருந்தவர் ஸ்டெல்லா. உங்களில் பலருக்கு அவர் 'நாவப்பழம்மா'. மீன் கூடை சுமந்து இடுப்பு விட்டுப்போன பெண்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். பால் குடி என்றால், "புள்ளைங்களுக்கே பத்தலம்மா" என்பார்கள். அதனால் தெருவில் தள்ளுவண்டியில் வரும் நாவல்பழத்தைக் கையில் எடுத்தார். "எலும்புக்குள்ள ஒருத்தன் இடிச்சுக்கினே இருப்பான், ஒருத்தன் கட்டிக்கினே இருப்பான். இந்தக் கருநீலச் சாயம் இடிக்கிறவன அடக்கி, கட்டுறவனுக்குக் கை கொடுக்கும்டி" என்று விளக்குவார். அந்தச் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்ற பெயரை என்னிடம் மட்டும் சொல்வார். நாவல்பழம் இல்லாத மாதங்களில் பன்னீர் திராட்சை. "தோலத் துப்பாத, சரக்கே அதுலதான் கீது."

சாப்பிட்டேன் என்று பொய் சொல்பவர்களுக்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். நாவல்பழக் காலத்தில் வாசலிலேயே நாக்கை நீட்ட வேண்டும். ஊதாவாக இருந்தால் ஒரு 'சபாஷ்'. ஒருத்தி திராட்சைக் குச்சி ஐஸைச் சப்பிவிட்டு வந்து நாக்கை நீட்டினாள். ஸ்டெல்லா குனிந்து மோந்து பார்த்து, "ஐஸ் வண்டி எந்தப் பக்கம்டி போச்சு?" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் வேலையை விட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

இனி சொல்ல வேண்டியது சிரிக்கும்படியானது இல்லை. குப்பம்மாவுக்கு எலும்பு ரொம்பவே மெலிந்திருந்ததால் டாக்டர் வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார். மறுபடி படமெடுக்க வந்த நாளில், மேசையில் படுத்துக்கொண்டே சொன்னாள்: "மாத்திரைய வுட்டுட்டேண்ணே, வயிறு எரியுது. அதான் நாக்கு கருப்பா கீதே, இன்னா ஆயிடப்போவுது?" வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. "அசையாதே" என்று மட்டும் சொன்னேன். அவள் போகும்போது ஸ்டெல்லா வழக்கம்போல நாக்கைப் பார்த்து சபாஷ் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது குப்பம்மா விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. அந்தப் படத்தையும் நான்தான் எடுத்தேன்.

அன்று குப்பம்மாவைப் பார்த்துவிட்டு வந்த ஸ்டெல்லா என் அறையில் உட்கார்ந்து அழுதார். "பழத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணதெல்லாம் நெறைய எலிகிட்டப் பாத்தது, கொஞ்சம் மனுஷங்ககிட்டப் பாத்தது, அவ்ளோதாண்ணே தெரியும். பழம் துணைதான். அத நான் சொல்லவே இல்ல. நாக்கப் பாத்தேன், மாத்திரையக் கேக்கல. என் தப்பு." அவள் மாத்திரையை விட்டது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து வழக்கம் மாறியது. முதலில் காலி மாத்திரை அட்டை, பிறகு நாக்கு. "மாத்திரை வேலைக்கு, பழம் துணைக்கு" என்று ஒவ்வொருத்தியிடமும் அலுக்காமல் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்தது. திருவொற்றியூருக்கு இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் திரும்புவோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நின்றிருக்கிறோம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம். சொல்ல நேரமில்லை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவின் வீட்டில் சவப்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குப்பம்மா கைத்தடியோடு சுவரோரம் நின்றாள். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். "நீ மாத்திரைய வுட்டத எங்கிட்டச் சொன்னே இல்ல? நான் அவங்ககிட்டச் சொல்லவே இல்லம்மா."

குப்பம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியுண்ணே. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கச்சொல்ல நான்தான் சொன்னேன். 'அண்ணங்கிட்ட இதப்பத்தி வாயத் தொறக்காத, ஒண்டியா அம்மாம் பேருக்குப் படம் எடுக்குறாரு, பாவம்'னாங்க."

அப்படியென்றால், என் தப்பு என்று என் முன்னால் அழுதபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது வருடம் ஷேர் ஆட்டோவில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். ஒரு தடவை திட்டியிருக்கலாம் ஸ்டெல்லா. எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்து மேசையில் படுத்தார். பொத்தானை அழுத்தும் முன் கேட்டேன்: "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?" ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். வெளியே வரிசை கத்திக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.