எலும்பு கடித்த மாடுகள்

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் சாம்பல்தீவில் எங்களிடம் எட்டுக் கறவை மாடுகள் இருந்தன. கணவருக்குச் சீனன்குடாவில் வேலை கிடைத்துவிட்டதால் மாடுகளை நான்தான் பார்த்தேன். பட்டாள முகாமுக்கு எவ்வளவு பால் கொடுத்தாலும் போதாது. அங்கே காய்கறித் தோட்டம் போட்டபோது சாணமும் கேட்டார்கள். அதுவரை எங்கள் புல்தரைக்குப் போட்டுவந்த சாணத்தை வண்டி வண்டியாக அனுப்பினேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் மாடுகள் மெலிந்தன. புண்ணாக்குத் தட்டுப்பாடுதான் காரணம் என்று இருந்துவிட்டேன். மயிலைப் பசு முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. ஒரு நாள் கொட்டிலைக் கூட்டும்போது அதன் காலடியில் ஓர் எலும்பு கிடந்தது. மறுநாள் இரண்டு.

பக்கத்து வளவு அக்காவின் கணவர் முகாம் குசினியில் சமையல் வேலை செய்தார். அங்கு மிஞ்சும் இறைச்சியும் எலும்பும் அவர்கள் வீட்டுக்கு வரும். நாங்கள் சைவம். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள் நிற்க, எலும்பை அக்காவின் குடத்துக்கு முன்னால் எறிந்தேன்.

"என்ர கொட்டிலுக்குள்ள இதைப் போட எப்பிடி மனம் வந்தது? எரிச்சலில செய்வினையோ செய்யிறியள்?"

"நான் ஏனடி போடப் போறன்? எங்கட குப்பைக் கிடங்குக்குள்ளதான் கொட்டுறனாங்கள்."

நான் நிறுத்தவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லாததையும் இழுத்துச் சொன்னேன். அவர் அரைக்குடம் தண்ணீரோடு போய்விட்டார்.

மயிலை எழும்ப முடியாமல் கிடந்தபோது பட்டினத்திலிருந்து மாட்டு வைத்தியர் வந்தார். நான் செய்வினைக் கதையைத் தொடங்க, அவர் இன்னொரு பசுவை அவிழ்த்துவிட்டார். அது வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து நேரே பக்கத்து வளவுக் கிடங்குக்குப் போய், ஓர் எலும்பைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"ஒருத்தரும் போடேல்லை, தங்கச்சி. பாலோட பொஸ்பரஸ் எண்டொரு சத்துப் போகுது. தீனில அது காணாட்டி, மாடு தன்ர எலும்பைக் கரைச்சுத்தான் பால் தரும். அதாலதான் எலும்பைத் தேடிப்போய்க் கடிக்குது. சாணத்தை என்ன செய்யிறியள்?"

"முகாமுக்குக் குடுக்கிறன், ஐயா."

"பாலும் போகுது, சாணமும் போகுது. நிலத்துக்கு என்ன திரும்பி வருகுது?"

சாணத்தைப் புல்தரைக்கே போடச் சொன்னார். எலும்பை வெள்ளையாக எரித்து இடித்து, உப்போடு தவிட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார். எலும்புக்கு எங்கே போவதென்று நான் கேட்கவில்லை.

அக்கா வீட்டுப் படலையில் நின்று, "கொஞ்சம் எலும்பு வேணும்" என்றேன்.

"கிடங்குக்குள்ள கிடக்கு. எடுங்கோ."

அன்றுவரை என்னை அவர் நீ என்றுதான் கூப்பிடுவார்.

மயிலை செத்துப்போனது. மற்ற ஏழும் மெல்ல மெல்லத் தேறின. அடுத்த மாரிக்குப் புல்லும் அடர்ந்து வந்தது. ஆனால் கிணற்றடிப் பெண்களிடம் வைத்தியர் சொன்னதை நான் சொல்லவில்லை. செய்வினைக் கதை அக்காவைச் சுற்றி வளர்ந்தது. அவர் தண்ணீர் அள்ள வந்தால் சிலர் விலகி நின்றார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குண்டு விழும் என்ற பயத்தில் சனங்கள் ஊரைவிட்டுப் போனபோது அக்காவும் கணவரும் வண்டியில் சாமான் ஏற்றினார்கள். "போயிட்டு வாங்கோ அக்கா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் திரும்பி வரவில்லை.