இடமா, வலமா?

எங்கள் வீட்டுக் கார் எனக்கு மூத்தது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அதற்குப் பதினான்கு வயது. இரண்டு பேர் ஓட்டித் தீர்த்த பிறகு மூன்றாவது ஆளாக அப்பா வாங்கியிருந்தார். ஆனாலும் பிரேசர் டவுனில் எங்கள் சந்துக்கு அது ஒன்றுதான் கார் என்பதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு நடந்த குளியல் எனக்குக்கூட நடந்ததில்லை.

வாணியம்பாடியில் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில்தான் அதன் பின்பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. சாதாரண ரோட்டில் ஒன்றுமில்லை. வேகத்தடைக்குப் போட்ட ஹம்பில் ஏறி இறங்கினால் மட்டும் டொக் டொக் என்று, டிக்கிக்குள் யாரையோ வைத்துப் பூட்டிவிட்ட மாதிரி கேட்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஏழு ஹம்ப். ஏழிலும் கேட்கும்.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "இந்தச் சத்தத்தோட நான் ஏற மாட்டேன். ஹைவேல சக்கரம் கழண்டுக்கினா என்னா பண்றது? நாங்க பஸ்ல போறோம். நீங்க உங்க வண்டில வாங்க."

அப்பாவுக்கு இது பேரிடி. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டுக்குத் தோளில் பையும் கையில் நானுமாக பஸ்ஸில் போய் இறங்கியவர் அவர். இந்த ஒரு தடவை மண்டப வாசலில், எல்லோரும் பார்க்க, பெண்டாட்டி பிள்ளையோடு சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காருக்குப் புது சீட் கவர் வாங்கியவர், தனக்குப் புதுச் சட்டை எடுக்க மறந்துவிட்டார்.

எனக்குப் புரியாத விஷயங்கள் அப்போதிருந்தே வரிசையாக ஆரம்பித்தன. முதல் இரண்டு நாள் அப்பா சத்தமே இல்லை என்று சாதித்தார். "வண்டில ஒண்ணும் இல்ல, ரோடு சரியில்ல" என்றார். மூன்றாம் நாள் திடீரென்று, ஆமாம், சத்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தேட இறங்கினார். டிக்கியைக் காலி செய்தார். ஜாக்கியை அம்மாவின் பழைய புடவையில் சுற்றினார். ஸ்டெப்னியை இழுத்துக் கட்டினார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என்னைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய், "இப்ப எப்படி?" என்று கேட்பார். ஓட்டுகிற அவருக்குத் தெரியாதா? வாய்ப்பாடு கேட்கிற மாதிரி இதுவும் ஏதோ பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் வருதுப்பா" என்பேன்.

ஹெப்பகோடியில் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அப்பா இருபது வருடமாக வேலை பார்த்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது அவருடைய கூட்டாளிகள் எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போதெல்லாம் சொல்லும் கதை. அப்படிப்பட்டவர் கடைசியில் சிவாஜிநகரில் ஒரு பாயின் ஒர்க் ஷாப்பில் போய் நின்றார்.

பாய் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுப் பார்த்தார். "ஷாக் அப்சார்பர்ல ரப்பர் புஷ் போயிருக்கும் சார். சத்தம் எந்தப் பக்கம்? லெஃப்டா, ரைட்டா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

"இந்தக் கும்பல்ல எங்க சார் ஓட்றது? ஆளு மேலதான் ஏத்தணும். தினம் ஓட்றவரு உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் என்னிடம் மெதுவாக, "எந்தப் பக்கம்னு நல்லா கவனிச்சுச் சொல்லு பாப்பா" என்றார்.

இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதுவரை வந்ததில்லை. பின் சீட்டில் முழங்காலிட்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி திரும்பி, சாய்மானத்தில் காதை வைத்துக்கொண்டேன். ஹம்பில் ஏறியதும் டொக் டொக் என்று என் இடது கைப்பக்கம் தெளிவாகக் கேட்டது. "லெஃப்டுப்பா" என்றேன். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்திருந்ததால் என்னுடைய இடம் காருக்கு வலம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாய் இடதுபக்கம் கழற்றினார். புஷ் தேய்ந்துதான் இருந்தது; புதியது போட்டார். "ரைட்டையும் ஒரு தடவ அவுத்துப் பாத்துடலாம் சார்" என்றார்.

"வேணாம் பாய். சத்தம் லெஃப்ட்லதான்" என்றார் அப்பா, தன் காதாலேயே கேட்டவர் மாதிரி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டார். "ஏறு, ஒரு ரவுண்டு போலாம்." அம்மா கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினாள். தெருமுனை ஹம்பில் டொக் டொக். அப்பா அம்மா பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியா, நின்னுடுச்சு" என்றார்.

அம்மா இப்போது பிடிபிடியென்று பிடிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஹம்பிலும் டொக் டொக். அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஆமாங்க, நின்னுடுச்சு" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அது தெரிய இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டும் அம்மா கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்பதுதான். மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அவள் பாய்க்குப் போன் செய்தாள். "அது ஆபத்தில்லையே பாய்? வெறும் சத்தம்தானே? சரி, கல்யாணம் முடிஞ்சு வந்து இன்னொரு பக்கமும் மாத்திக்கறோம். அவருகிட்ட மட்டும் எதுவும் சொல்லாதீங்க."

கல்யாணத்துக்குக் காரில்தான் போனோம். ஏறவே மாட்டேன் என்றவள் முதல் ஆளாக ஏறிப் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓசூர் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. "அம்மா, சத்தம் வருதே" என்று கத்திவிட்டேன்.

அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். "தூக்கத்துல உளர்றா, நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள் அம்மா. நான் கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிறது. கிருஷ்ணகிரி வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கோளாறு வண்டியில் இல்லை, என் காதில். அதன்பிறகு வாணியம்பாடி வரைக்கும் பயத்தில் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே போனேன்.

மண்டப வாசலில் அப்பா நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மாமா ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார். அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் போனேன். யாருமில்லாத இடமாகப் பார்த்து, அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பா, எனக்குக் காதுல ஏதோ கோளாறுப்பா" என்றேன்.

அப்பா என் முன்னால் மண்டியிட்டார்.

"எப்பலேருந்து? ரெண்டு காதுமா, ஒண்ணா? உள்ள விசில் அடிக்கிற மாதிரி கேட்டுக்கினே இருக்குதா? நாலு பேரு ஒண்ணா பேசுனா எல்லாம் கலந்துடுதா? எதிர்ல இருக்கறவங்க வாயப் பாத்தாதான் புரியுதா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கூட இப்படி விசாரிக்கமாட்டார், இந்த அப்பாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.