புது கார்ட்ரிட்ஜும் அவருடைய காதும்

பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பதை என் வீட்டுக்காரர் நிறுத்தியதிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமையே பிடிக்காமல் போனது. கடலூருக்குக் குடிவந்த நாளிலிருந்து எங்களுக்கு ஞாயிறு என்றால் ஒரே வழக்கம்தான். காலையில் துறைமுகத்து மீன், மதியம் குழம்பு, சாப்பிட்டுக் கை கழுவியதும் இசைத்தட்டு. பாட்டு ஓட ஓட இவரும் கூடவே இழுப்பார். சுருதி இவர் பக்கமே வராது. "பாடத் தெரிஞ்சவங்க பாடுறாங்க இல்ல, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்பேன். அதைச் சொன்னால்தான் எனக்கும் பாட்டு கேட்ட மாதிரி இருக்கும்.

போன வருஷம் பையன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது புது கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி வந்தான். தட்டின்மேல் ஓடுகிற ஊசியும் அதைத் தாங்குகிற குட்டிப் பெட்டியும் சேர்ந்ததுதான் கார்ட்ரிட்ஜ். கடையில் இருப்பதிலேயே உசத்தி எது என்று கேட்டு வாங்கினானாம். இவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஸ்பேனர் பிடித்த கை. போனில் வீடியோ பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை போன்ற ஒயர்களைத் தாமே மாட்டினார். விலை ஜாஸ்தி என்றால் சத்தமும் ஜாஸ்தியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் மூன்று பேருடைய எண்ணமும்.

பாட்டு வந்தது. ஆனால் யாரோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல வந்தது. வால்யூமை முழுக்கத் திருப்பினால் தாளிக்கிற மாதிரி ஒரு இரைச்சல், அதற்குள் எங்கேயோ பாட்டு. உசத்தியான சாமான் அடக்கமாகத்தான் பேசும்போல என்று நான் விட்டுவிட்டேன். இவர் நினைத்தது வேறு. கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டிய மனுஷன். டிவியை ஏற்கெனவே கூட்டித்தான் வைப்பார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். அதனால் காது போய்விட்டது என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! இரண்டு பாட்டு முடிவதற்குள் "செடிக்குத் தண்ணி வுட்டுட்டு வரேன்" என்று எழுந்துவிடுவார். அடச்சே, வாயை மூடச் சொன்னேன்தான், இப்படி ஒரேயடியாகவா மூடுவது? அந்தக் கட்டைக்குரலுக்கு நான் அவ்வளவு ஏங்கிப்போனேன். அவர் தோட்டத்தில் நிற்க, நான் மட்டும் பாட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். ஒரு பாட்டும் மனசில் ஒட்டாது.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் தோட்டத்துக்கே போய், ஏன் இப்படி எழுந்து வந்துவிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "எனக்குக் கேக்கல புள்ள. என் காது அவ்ளோதான். நீ கேளு" என்றார்.

"எனக்கே கேக்கல! இதுக்குப் போயி உங்க காதைத் திட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார். "உனக்கும் கேக்கலியா?" என்று கேட்டபோது அந்த முகத்தில் வந்த ஆசையை நான் மறக்கவே மாட்டேன். கோளாறு மிஷினில்தான் இருக்க வேண்டும், காதில் இருக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் என் தம்பி மைக் செட் கடை வைத்திருக்கிறான். போன் போட்டேன். "மொத்தத்தையும் தூக்கிட்டு வாக்கா, மாமாவையும் கூட்டிட்டு வா" என்றான். பிளேயரையும், ஊசியின் சத்தத்தை முதலில் பெருக்குகிற பிரீஆம்ப் பெட்டியையும் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். சிப்காட்டைத் தாண்டும்போது வழக்கமான ரசாயன நெடி வந்தது. இவர் தமது கம்பெனி கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் என் காதைத் தின்னுடுச்சின்னு நெனச்சேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மடியிலிருந்த போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடையில் தம்பி ஊசியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, இது குசுகுசுன்னு பேசுற ஜாதி. பழைய ஊசி கொடுத்த சத்தத்துல பத்துல ஒரு பங்குதான் இது கொடுக்கும். உங்க பிரீஆம்ப் பழசுக்குன்னு செஞ்சது. மைக்ல ஒருத்தன் மெல்லப் பேசினா நாங்க என்னா பண்ணுவோம்? கடைசியில வால்யூமைத் திருப்பினா இரைச்சலும் சேந்து ஏறும். மொதல்லயே கெயினை, அதாவது உள்ள வர்ற சத்தத்தையே, தூக்கணும்."

கெயின் கூடுதலாக உள்ள வேறொரு பிரீஆம்பை எடுத்து மாட்டினான். ஊசியை வைத்தான். அம்மாடி! குரல் கடையைத் தாண்டித் தெருவுக்கே போனது. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாக்கா, காதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு தம்பி டீ வாங்கப் போனான்.

இவரும் முகமெல்லாம் சிரிப்பாக முணுமுணுக்க ஆரம்பித்தார். அதைக் கேட்கத்தானே வந்தேன்! ஆனால் கொஞ்ச நேரத்தில் பாடகி பல்லவியை முடித்துவிட்டாள். வயலின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இவர் இன்னும் பல்லவியிலேயே இருந்தார்.

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"சத்தம் நல்லா கேக்குது. வார்த்தைதான் கலங்கலா வருது, எந்த எடம்னு புடிபடல" என்றார். பிறகு ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ பாடேன். உன் வாயைப் பாத்தா நான் புடிச்சுக்குவேன்."

நானா? கல்யாணமான நாளாக இவர் முன்னால் ஒரு வரி பாடியதில்லை. வாசலில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. வயலின் முடிந்து சரணம் வந்தது. நானும் வாயைத் திறந்தேன்.

இவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது அடியில் வந்து சேர்ந்துகொண்டார். சுருதி எப்போதும்போல எங்கேயோ இருந்தது. நான் வாயை மூடச் சொல்லவில்லை.